என் புகாரை எனக்கே ஒதுக்கிய கம்பெனி

பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய என் நிச்சயதாம்பூல வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிப் பாராட்டுவார்கள். "என்ன அடக்கம்! பொண்ணு தலையை நிமிர்த்தவே இல்லையே!" அது அடக்கம் இல்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பட்டுச்சேலை மடிப்புக்கு மேலே, பூத்தட்டுக்குப் பின்னால், என் மடியில் ஒரு லேப்டாப் இருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். என் உதடுகள் அசைவதைப் பார்த்துவிட்டு, பிள்ளை சாமியை வேண்டுகிறாள் என்று அன்று வராதவர்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது வேண்டுதலும் இல்லை. (என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.)

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சர்ட்டிபிகேட். படித்து வாங்கிய சர்ட்டிபிகேட் இல்லை. கண்ணுக்குத் தெரியாது, கையால் பிடிக்க முடியாது, ஆனால் நம் கழுத்தைப் பிடிக்க அதற்குத் தெரியும்.

அப்போது நான் ஒரு சென்னை மென்பொருள் கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தேன். கம்பெனிதான் சென்னையில். நான் பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில், அம்மா வற்றல் காயப்போடும் இடத்துக்கு அடுத்த அறையில் இருந்தேன். பல நிறுவனங்கள் ஆர்டர் எடுப்பது, சரக்கு அனுப்புவது, ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்வது எல்லாம் எங்கள் இணையதளத்தில்தான். அவர்களுக்கு அதற்குள் நுழைய முடியாமல் போனால் எனக்கு போன் வரும். அதற்கென்றே கம்பெனி ஒரு தனி போன் கொடுத்திருந்தது. நான் அதை எடுத்து, சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள் போல ஒரு குரலை வரவழைத்துக்கொண்டு, "வணக்கம், உதவி மையம், நான் சுபா பேசுகிறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்பேன். (முதல் நாள் இந்தக் குரலைக் கேட்ட அம்மா, கரண்டியோடு மாடிக்கு ஓடி வந்து, "ஏட்டி, உள்ள யாரு?" என்று கேட்டாள்.)

குரல்தான் பெரிசு. எனக்குத் தெரிந்த வைத்தியம் மொத்தமே மூன்று. பிரவுசர் சேர்த்துவைத்த கேஷைக் காலி செய்யுங்கள். வேறு பிரவுசரில் முயன்று பாருங்கள். ஒருமுறை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் முழங்கால் வலிக்கும் ஒரே மாத்திரை. மூன்றும் பலிக்காவிட்டால், "பிரச்சினை உங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும், மேடம்" என்று சொல்லி வைத்துவிடுவேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை இரண்டு அறை அறையத் தோன்றுகிறது.

இந்த மாத்திரைகளை அதிகம் விழுங்கியவர் மெர்லின் என்ற பெண். முட்டம் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் காகித வேலை அவருக்கு. வாரத்துக்கு ஒருமுறையாவது லாகின் ஆகவில்லை என்று கூப்பிடுவார். நானும் வாரத்துக்கு ஒருமுறையாவது கேஷைக் காலி செய்யச் சொல்வேன். என் ஊரிலிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடக்கூடிய தூரத்தில் அவர் இருந்தார். ஆனாலும் நான் சென்னைக்காரியாகவே பேசினேன், அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு புத்தகத் தமிழில் பேசினார். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

இதற்கிடையில் எங்கள் கம்பெனிக்கு ஒரு ஞானோதயம் வந்தது. அதுவரை ஊழியர்களுக்கு ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பாஸ்வேர்டு. லீவுக்கு ஒன்று, வேலைப் பட்டியலுக்கு ஒன்று, புகார்களுக்கு ஒன்று. இனி எல்லாவற்றுக்கும் ஒரே நுழைவு என்றார்கள். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருப்பது போல, பிரவுசருக்குள் ஒரு டிஜிட்டல் சர்ட்டிபிகேட்டை வைத்துவிடுவார்களாம். நாம் எந்தத் தளத்தின் வாசலில் போய் நின்றாலும் பிரவுசரே அட்டையை எடுத்துக் காட்டுமாம், கதவு திறக்குமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது; வாடிக்கையாளர்களுக்கும் அதையே கொடுத்தார்கள். ஒரு கதவு மூடினால் அத்தனை கதவும் சேர்ந்து மூடும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அது வந்து ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் எனக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை நாகராஜன், திற்பரப்புப் பக்கம் கால்நடை மருத்துவர். பெண் பார்க்க வந்தபோது அவருடைய அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மக்கா, கலியாணம் கழிஞ்சு ஜோலிக்குன்னு மெட்ராஸ் போவியா?"

"இல்லை அத்தை. வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி இருக்கு."

"எழுத்துல இருக்கா?"

"இருக்கு."

"அப்பம் கொள்ளாம்" என்று திருப்தியாகக் காப்பியைக் குடித்தார். பெண் பிடித்திருக்கிறது என்பதை விட, அனுமதி பிடித்திருக்கிறது என்பதுதான் அன்று உறுதியானது.

நிச்சயத்துக்கு நாள் குறித்ததும் மேனேஜரிடம் போனில் சொன்னேன். "தாராளமா எடுத்துக்கோங்க சுபா, வாழ்த்துகள்! லீவை மட்டும் சிஸ்டத்துல போட்டுடுங்க" என்றார். ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதத்தில் நான் பிளவுஸுக்கு நான்கு முறை தையல்காரியிடம் போனேன். பூ சொல்ல, பழம் சொல்ல என்று வடசேரிக்கு மூன்று முறை போனேன். லீவை மட்டும் போடவில்லை. இரண்டு நிமிட வேலைதானே என்று விட்டுவிட்டு, நிச்சயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் போய் உட்கார்ந்தேன்.

கம்பெனித் தளங்கள் எல்லாம் பழைய பிரவுசர் ஒன்றில் மட்டும்தான் திறக்கும். அதில் லீவுத் தளத்தைத் திறந்தேன். "உங்கள் சர்ட்டிபிகேட் காலாவதியாகிவிட்டது" என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் கம்பெனி மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தி, புது சர்ட்டிபிகேட் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த இணைப்பு திறந்தது புது பிரவுசரில். சர்ட்டிபிகேட்டும் அங்கேயே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது. சரி, புது பிரவுசரிலேயே லீவுத் தளத்தைத் திறப்போம் என்று போனேன். "இந்தத் தளம் இந்தப் பிரவுசரில் இயங்காது. பழைய பிரவுசரைப் பயன்படுத்தவும்" என்றது.

அதாவது பூட்டு ஒரு வீட்டில், சாவி இன்னொரு வீட்டில், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதை யோசித்துச் செய்தவன் யார்? அவன் வீட்டில் சாப்பாட்டை நாகர்கோவிலில் வைத்துவிட்டு இலையைக் கன்னியாகுமரியில் போடுவார்களா?

நானும் விடவில்லை. வாடிக்கையாளர்களுக்கு எழுதிவைத்திருந்த குறிப்பைப் பார்த்து, புது பிரவுசரிலிருந்து சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பழைய பிரவுசருக்குள் ஏற்றினேன். ஏறியது. தளத்தைத் திறந்தேன். "உங்கள் சர்ட்டிபிகேட் காலாவதியாகிவிட்டது." புது சர்ட்டிபிகேட் பக்கத்திலேயே பளபளவென்று இருக்க, இந்தச் சவத்துப் பிரவுசர் செத்துப்போன பழைய சர்ட்டிபிகேட்டையே எடுத்து எடுத்துக் காட்டியது. பழையதை அழித்துவிடலாம் என்றால், "எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது" என்று விதிமுறையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. என் மூன்று மாத்திரைகளையும் எனக்கே கொடுத்துப் பார்த்தேன். கேஷைக் காலி செய்தேன். அணைத்துத் திறந்தேன். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அந்த மாத்திரைகள் எவ்வளவு உதவாக்கரை என்பது எனக்கு விளங்கியது.

நிச்சயத்தன்று காலை எட்டரை மணிக்கு, தலையில் பூ வைக்கும் பெண்ணை நிறுத்தச் சொல்லிவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சுபா, எனக்குப் புரியுது. ஆனா சிஸ்டத்துல இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல. ஒன்பது மணிக்கு நீங்க டியூட்டியில இருக்கறதாத்தான் அது எடுத்துக்கும். ஹெல்ப் டெஸ்க்ல ஒரு புகார் போடுங்களேன்."

"சார், புகார் போடற தளத்துக்கும் இதே சர்ட்டிபிகேட்தான் வேணும்."

"ஓ..." என்று இழுத்தார். "அப்போ அதுக்கும் சேர்த்து ஒரு புகார் போடுங்க."

கதவு திறக்கவில்லை என்று புகார் சொல்ல வேண்டுமென்றால் உள்ளே வந்து சொல் என்கிற இந்த நியாயத்தை எந்த ஊரில் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எனக்குப் பயமே அடுத்த விஷயத்தில்தான். டியூட்டியில் இருக்கிறவர் ஒரே நாளில் மூன்று முறை பதில் சொல்லாமல் விட்டால், வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதி தானாகவே ரத்தாகும். போனை அணைத்து வைத்தாலும் அதே கணக்குத்தான். அனுமதி போனால் சென்னைக்கு வண்டி ஏற வேண்டும். சென்னை என்றால் அத்தை என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். அப்போது அத்தை வேனில் மார்த்தாண்டத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

ஊழியர்களுக்கென்று ஒரு தானியங்கி தொலைபேசி எண் இருப்பது ஒன்பது மணி அடிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. என் சொந்த போனிலிருந்து கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, ஊழியர் எண்ணைப் போடு என்று என்னைப் பாடாய்ப்படுத்திவிட்டு, கடைசியில் ஒரு தேன்குரல் சொன்னது: "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. தகுதியான பொறியாளர் ஒருவர் முப்பது நிமிடங்களுக்குள் உங்களைத் தொடர்புகொள்வார்."

எனக்கு உயிர் வந்தது. அந்தத் தகுதியான பொறியாளர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினேன். வாழ்த்தி முடிப்பதற்குள் மேஜைமேல் இருந்த கம்பெனி போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன்.

"புதிய புகார். வாடிக்கையாளர்: சுபா. பொறுப்பு: சுபா. முப்பது நிமிடங்களுக்குள் வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ளவும்."

போன மாதம்தான் ஊழியர் ஹெல்ப் டெஸ்க்கையும் வாடிக்கையாளர் ஹெல்ப் டெஸ்க்கையும் ஒன்றாக்கியிருந்தார்கள். (சிக்கனமாம்.) தெற்கு மாவட்டங்களிலிருந்து வரும் புகார் தெற்கு மாவட்டங்களின் டியூட்டி ஆளுக்குப் போகும். டியூட்டி ஆள் நான். ஏனென்றால் நான் லீவு போடவில்லை. லீவு போட முடியவில்லை என்பதுதான் புகார்.

கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூ வைக்கிற பெண், "அக்கா, கரையாதீங்க, மை கலையும்" என்றாள். கரையவில்லை. எனக்கு வந்தது கோபம். எவ்வளவு கோபமென்றால், அடுத்து வந்த இரண்டு அழைப்புகளைக் கவனிக்கவே இல்லை. ஒன்று சேலை கட்டும்போது வந்தது. இன்னொன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கி, குலவைச் சத்தமும் வரவேற்புமாக இருந்தபோது வந்தது. இரண்டும் மெர்லின். இரண்டு போச்சு. இனி ஒன்றுதான் பாக்கி. என் சொந்தப் புகாரை முப்பது நிமிடத்துக்குள் நான் கவனிக்காவிட்டால் அதுவே மூன்றாவது.

மணியைப் பார்த்தேன். நான்கு நிமிடம் இருந்தது.

கம்பெனி போனிலிருந்து வாடிக்கையாளரின் எண்ணுக்கு ஒரு அழைப்பு போய், பேசியது பதிவாக வேண்டும். அவ்வளவுதான் சிஸ்டத்துக்கு வேண்டியது. வாடிக்கையாளர் நான். என் எண்ணுக்கு நானே கூப்பிட்டு, எடுத்து, இரண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டால் தீர்ந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. ஆனால் அறைக்குள் அடிக்கவில்லை. கூடத்தில் அடித்தது.

மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்கு வீடியோவில் காட்டுவதற்காக, அம்மா என் போனை எடுத்துக்கொண்டுபோய் கூடத்தில் பழத்தட்டின்மேல் சாய்த்து வைத்திருந்தாள். பழத்தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அத்தை. அவர் எடுத்துவிட்டார். எடுத்தவர் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார்.

"ஹலோ, ஆரு?"

வைத்துவிடலாம் என்றுதான் கை போனது. ஆனால் வைத்தால் பதிவாகாது. கண்ணை மூடிக்கொண்டு சென்னைக் குரலுக்குப் போனேன்.

"வணக்கம் மேடம். உதவி மையத்திலிருந்து பேசுகிறேன். செல்வி சுபா அவர்களின் புகார் தொடர்பாக..."

"சுபாக்க புகாரா? பிள்ளைக்கு இன்னைக்கு நிச்சயமாக்கும், கேட்டியா? இன்னைக்கும் விட மாட்டியளா?"

"இரண்டே நிமிடம்தான் மேடம்..."

"ரெண்டு நிமிஷமா? வந்ததுல இருந்து அந்தப் பிள்ளைய வெளியில காணல. இப்பத்தான் அவளுக்க அம்மை சொல்லுகா, காலத்தே பிடிச்சு ஏதோ கம்பெனித் தொந்தரவுன்னு. ஒரு நாளு லீவு கேட்டா குடுக்கப்பிடாதா? உங்க வீட்டுல பெம்பிள்ளையளுக்கு நிச்சயம் நடக்காதா? வெறும் போனையும் கம்ப்யூட்டரையும் வச்சிக்கிட்டு மனுஷரைப் போட்டு இந்தப் பாடு படுத்துகியளே, வெளங்குவியளா?"

அத்தனையும் நியாயம். ஒரு எழுத்து விடாமல் நான் சொல்ல நினைத்தது. ஆனால் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

"ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும் மேடம்."

"மன்னிப்பைக் கொண்டு என்ன செய்ய? உனக்க பேரு என்னா?"

கேட்டால் பெயர் சொல்லியே ஆக வேண்டும். அது விதி. பதிவாகிக்கொண்டிருக்கிறது.

"சுபா, மேடம்."

கூடத்தில் அப்பா எதற்கோ விடாமல் இருமினார். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைக் கதவுதான். நான் பேசுவது முதலில் கதவு வழியாகவும், அடுத்த நொடி ஸ்பீக்கர் வழியாகவும் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பிள்ளைக்கும் அதே பேருதான்" என்றார் அத்தை. "நல்ல பேரை வச்சிக்கிட்டு இந்த ஜோலி பாக்கியே மக்கா, நாணமா இல்லியா?"

"இருக்கிறது மேடம்" என்றேன். வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் சொன்ன முதல் உண்மை.

வைத்ததும் கம்பெனி போன், 'புகாரை முடிக்கலாமா?' என்று கேட்டது. முடி என்று அழுத்தினேன். அடுத்த நொடி கூடத்தில் மறுபடியும் என் போன் அடித்தது. அதே தேன்குரல், அதே ஸ்பீக்கர்: "எங்கள் சேவைக்கு நீங்கள் தரும் மதிப்பெண் என்ன? ஒன்று முதல் ஐந்து ஸ்டார் வரை..." தேன்குரல் முடிப்பதற்குள் அத்தை ஒன்றை அழுத்திவிட்டார். "பூஜ்யம் இல்லியா இதுல?" என்று அவர் பக்கத்தில் கேட்டதும் எனக்குக் கேட்டது.

நேரமாகிவிட்டது என்று அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தாள். நான் லேப்டாப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். (மறைத்ததாக நான் நினைத்துக்கொண்டேன். முழு நெல்மூட்டையை முந்தானைக்குள் கொண்டுவந்தது போல இருந்தது என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார்.) ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்து, முன்னால் ஒரு பூத்தட்டை நிறுத்தி மறைத்தேன். பெரியப்பா நிச்சயப் பத்திரிகையை வாசிக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் பாட்டனார் பெயர் வரைக்கும் வந்திருப்பார், இடுப்பில் செருகியிருந்த கம்பெனி போன் அடித்தது.

மூன்றாவது அழைப்பு. எடுக்காவிட்டால் சென்னை. எடுத்தால் மானம்.

எடுத்தேன்.

"மேடம், காலை ஒன்பது மணியிலிருந்து கூப்பிடுகிறேன்" என்றார் மெர்லின், பல்லைக் கடித்துக்கொண்டு, அவருடைய புத்தகத் தமிழில். "எங்கள் கண்டெய்னர் வாசலில் நிற்கிறது. உள்ளே மீன் இருக்கிறது. முதலாளியின் புது லேப்டாப்பில் மூன்று முறை தவறான சர்ட்டிபிகேட் போனதால் எங்கள் லாகினைப் பூட்டிவிட்டீர்கள். உங்கள் பக்கம் ஒரு பட்டனை அழுத்தினால் திறக்கும். அதற்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?"

"மேடம், முதலில் நீங்கள் கேஷைக்..."

"கேஷைக் காலி பண்ணச் சொன்னீங்கன்னா, நான் அங்கயே வந்திருவேன்!"

அவ்வளவுதான். எனக்குள் ஏதோ அறுந்தது. சென்னைக் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"எக்கா, எனக்கே உள்ள போக முடியலக்கா! நானும் நேத்தைக்குப் பிடிச்சு இந்தச் சவத்துச் சர்ட்டிபிகேட்டோடதான் மல்லுக்கெட்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு இன்னைக்கு நிச்சயம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க எல்லாரும் முன்னால இருக்காங்க. மடியில லேப்டாப்ப வச்சிக்கிட்டு இருக்கேன். உங்க பட்டனை நான் எங்க போய் அமுக்கட்டும்?"

பெரியப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டார். போனில் மெர்லினின் குரல் மெல்லக் கேட்டது.

"ஏ மேடம்... நீங்க நம்ம ஊரா?"

"பூதப்பாண்டி."

"அடப்பாவி மேடமே! மெட்ராஸ்காரின்னு நினைச்சுல்லா ரெண்டு வருஷமா நான் வாய் வலிக்கப் பேசிக்கிட்டு இருக்கேன்!" பிறகு குரலைத் தணித்தார். "சரி, கரையாத மக்கா. என்ன சொல்லுகு உன் பிரவுசர்?"

"பழைய சர்ட்டிபிகேட்டையே காட்டுகு. புதுசும் உள்ளதான் இருக்கு."

"எந்தச் சர்ட்டிபிகேட்டுன்னு கேட்டு ஒரு பெட்டி வரணும்லா, வருதா?"

"வரல."

"முன்னால எப்பமாவது 'இனி என்னைக் கேட்காதே'ன்னு ஒரு டிக் போட்டியா?"

போட்டிருந்தேன். ஒரு வருஷத்துக்கு முன்னால், தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறதே என்று எரிச்சலில் போட்டது.

"போட்டேன்."

"எனக்கும் நீதான் போடச் சொன்ன! அதை எடுக்கத் தெரியாம ஆறு மாசம் அலைஞ்சேன். கடைசியில உள்ள இருக்க ஒவ்வொரு மூலையையும் நானா கிண்டிக் கண்டுபிடிச்சேன். செட்டிங்ஸுக்குப் போ. பாதுகாப்பு. அதுல சர்ட்டிபிகேட். ஓரத்துல, நினைவில் வைத்த முடிவுகள்னு ஒரு தலைப்பு கிடக்கும், ஒருத்தரும் பாக்காத இடம். அதை அழி. பிரவுசரை முழுசா மூடித் திற."

என்னால் ஒரு கையில் போனையும் ஒரு கையில் லேப்டாப்பையும் சமாளிக்க முடியவில்லை. தட்டு சரிந்து, பூ எல்லாம் ஜமுக்காளத்தில் கொட்டியது. அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்து வந்தார். போனை வாங்கி, பசுமாட்டுக்குக் குளுக்கோஸ் பாட்டில் பிடிப்பது போல, அசையாமல் என் காதருகே பிடித்துக்கொண்டார். நல்ல நேரம் போகிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அத்தை அவர்கள் பக்கம் திரும்பி, "நேரம் நிக்கும். பிள்ளை ஜோலியை முடிக்கட்டு" என்றார்.

அழித்தேன். மூடினேன். திறந்தேன். பெட்டி வந்தது. பழையதா, புதியதா என்று மரியாதையாகக் கேட்டது. புதியதைத் தொட்டேன். கதவு திறந்தது.

இரண்டு மாதப் பயிற்சியில் ஒருவரும் சொல்லித்தராததை, மீன் கம்பெனிக்காரி இரண்டு நிமிடத்தில் சொல்லித் தந்துவிட்டாள். நான் அவளிடம் இரண்டு வருஷமாகப் 'பிரச்சினை உங்கள் பக்கம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

லீவைப் போட்டால் அந்த நொடியே டியூட்டியிலிருந்து என்னை எடுத்துவிடும், மெர்லினின் பூட்டைத் திறக்க முடியாது. அதனால் முதலில் அவருடைய பட்டனை அழுத்தினேன். "திறந்துட்டு! வண்டியை விடச் சொல்லுகேன்!" என்று அவர் போட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு லீவு. காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் இருந்தது. காய்ச்சல் இருந்தது, மரணம் இருந்தது, மகப்பேறு இருந்தது. நிச்சயம் இல்லை. 'மற்றவை' என்று போட்டேன். என் வாழ்க்கையின் அவ்வளவு பெரிய நாள் அந்தக் கம்பெனிக்கு 'மற்றவை'.

அதன்பிறகு தட்டு மாற்றினார்கள். நான் தலையை நிமிர்த்தாததற்கு, மிச்சமிருந்த நேரத்தில், வெட்கமும் ஒரு காரணம்தான்.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். "சுபா, ஒரு வாடிக்கையாளர் உங்களுக்கு ஒரே ஒரு ஸ்டார் குடுத்திருக்காங்க. தென் மாவட்டத்துலயே இதுவரை யாருக்கும் வந்ததில்ல. அவங்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடுங்க."

"சார், அந்த வாடிக்கையாளர் நான்தான்."

"இருக்கலாம். ஆனா சிஸ்டத்துல இருக்கே."

பேசியதைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளரின் மனவேதனையை நான் உள்வாங்கிக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து, கோபமான வாடிக்கையாளரிடம் பேசுவது எப்படி என்று எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். என் மனவேதனையை நான் உள்வாங்கவில்லையாம்! மூன்றாம் நாள் வேறு வேலை தேட ஆரம்பித்தேன். கிடைத்தது. அதுவும் வீட்டிலிருந்துதான்.

கல்யாணத்துக்கு மெர்லின் ஒரு பெரிய வெண்கல உருளியோடு வந்தார். அத்தைக்கும் அவருக்கும் இப்போது என்னை விட நெருக்கம். வீட்டில் ஸ்டார் போடும் பழக்கத்தை ஆரம்பித்துவைத்தது அவர்கள் இரண்டு பேரும்தான். நான் வைக்கிற அவியலுக்கு ஸ்டார், எரிசேரிக்கு ஸ்டார், துணி மடித்ததற்கு ஸ்டார். மூன்றரைக்கு மேல் நான் இதுவரை வாங்கியதில்லை. விருந்தாளிகள் வந்தால் சாப்பிட்டு எழுந்ததும், "ஒண்ணு முதல் அஞ்சு வரை, எத்தனை?" என்று என் கணவர் வாசலில் மறித்துக் கேட்பார்.

அன்று கதவுக்குப் பின்னால் இருந்து பேசியது நான்தான் என்று அத்தையிடம் மட்டும் நான் சொல்லவே இல்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் மறைத்து வைத்திருந்தேன். போன மாதம் ஒருநாள் உள்ளித்தீயலுக்கு உள்ளி உரித்துக்கொண்டிருக்கும்போது, கண்ணெரிச்சலோ என்னவோ, சொல்லிவிட்டேன்.

"அத்தை, நிச்சயத்தன்னைக்கு போன்ல ஒரு கம்பெனிக்காரியை ஏசினியள்லா. அது நான்தான்."

அத்தை உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியுமே."

"எப்பம் தெரியும்?"

"அப்பமே. கதவு வழியா ஒரு தடவ கேட்டுது, போன் வழியா ஒரு தடவ கேட்டுது. எனக்கு ரெண்டு காதும் இருக்குல்லா."

"தெரிஞ்சுமா அவ்வளவும் ஏசினிய?"

"ஏசினது கம்பெனியை மக்கா. உன்னால ஏச ஒக்குமா? ஜோலி போயிரும்லா. பிள்ளை உள்ள கிடந்து புழுங்குகாளே, அவளுக்கும் சேத்து நாம ஏசிருவோம்னு ஏசினேன்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று வருஷமாக இந்த அம்மாவைத் தவறாக நினைத்துவிட்டோமே என்று அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டேன்:

"அப்பம் அந்த ஒரு ஸ்டாரும் கம்பெனிக்குத்தானா?"

"அது உனக்குத்தான்" என்றார் அத்தை. "என்ன குரலுட்டி அது?"